படுவான்கரையில் ஓர் இளவேனில்

இளவேனில் என்றதும் மாந்தளிரும் குயிலின் குரலும் நம் நினைவிற்கு வருகின்றன. பள்ளியிற் படித்த நூல்கள் நம்மை அவ்வாறு பழக்கிவிட்டன. அதே பங்குனியும் சித்திரையும் மாட்டுப்பட்டி வைத்து வாழும் குடும்பம் ஒன்றிற்கு எத்தகைய மாதங்கள் என்பதை நாம் எண்ணிப் பார்த்ததில்லை. 2024ஆம் ஆண்டு பங்குனியில் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள சிற்றூர் ஒன்றில் நான்கு நாள்களைக் கழிக்கும் வாய்ப்பு நமக்குக் கிடைத்தது. அந்த நான்கு நாள்களிற் கண்டவற்றையும் கேட்டவற்றையும் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றோம்.

வாவிக்கு அப்பால்

மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கின்றது. கதிரவன் எழும் பக்கத்திலுள்ள கடலோர நிலத்தை எழுவான்கரை என்றும், அவன் படும் பக்கத்திலுள்ள வயற்புறத்தைப் படுவான்கரை என்றும் அந்நாட்டு மக்கள் வழங்குவர். எழுவான்கரையில் ஊர்கள் நெருக்கமாக உள்ளன. கடைத்தெருக்களும் பெரிய பாடசாலைகளும் வைத்தியசாலைகளும் அங்கேயே மிகுதி. நெல்லும் பாலும் தயிரும் விறகும் படுவான்கரையிலிருந்து வருவன. வாங்குவோர் ஒரு கரையிலும் விளைவிப்போர் மறு கரையிலுமாக வாழ, இடையே வாவி அமைதியாகக் கிடக்கின்றது.

ஆரையம்பதியைக் கடந்து மேற்கே திரும்பியதும் மண்முனைப் பாலம் வந்தது. 2014ஆம் ஆண்டில் இப்பாலம் திறக்கப்படும்வரை மக்கள் துறையிற் காத்துநின்று ஓடத்திலேயே வாவியைக் கடந்தனர். இப்பொழுது மோட்டார் சைக்கிள்கள் சில நிமிடங்களில் அதனைக் கடந்து செல்கின்றன. அவற்றுட் பலவற்றின் இரு புறமும் பாற்கலன்கள் தொங்கியதை நாம் கவனித்தோம்.

நம்மோடு வந்த நண்பர் படுவான்கரைப் பாடசாலை ஒன்றில் ஆசிரியராகப் பல்லாண்டு பணியாற்றியவர். முதலிற் கொக்கட்டிச்சோலைக்கு அழைத்துச் சென்று தான்தோன்றீஸ்வரர் ஆலயத்திற் கும்பிடச் செய்தார். அவ்வாலயத்து நந்தியைப் பற்றி ஒரு கதை உண்டு. போர்த்துக்கேயர் காலத்திற் கோயிலை இடிக்க வந்த படைத்தலைவன் ஒருவன், இந்தக் கல்மாடு புல் தின்னுமோ என்று ஏளனமாகக் கேட்டானாம். நந்தி எழுந்து புல்லைத் தின்று சாணமும் இட்டதாம். அதனைக் கண்டு அஞ்சி அவன் படையோடு திரும்பினான் என்பர்.

"கல்மாடே புல்லுக்கு எழும்பின ஊர் இது. உயிருள்ள மாட்டுக்கு இங்கே புல் எங்கே கிடைக்கின்றது என்பதைத்தான் இனி நீங்கள் பார்க்கப்போகின்றீர்கள்" என்றார் நண்பர். அவர் கூறியதன் பொருள் அப்பொழுது நமக்கு விளங்கவில்லை.

பட்டியும் அதன் கணக்கும்

கொக்கட்டிச்சோலையிலிருந்து மேற்கே செல்லச் செல்லத் தார்வீதி கிரவல் வீதியாகியது. இரு மருங்கிலும் பெரும்போக நெல் அறுத்த வயல்கள். அறுவடை இயந்திரம் விட்டுச்சென்ற வைக்கோல் வரிவரியாகக் கிடந்தது. அதனிடையே மாடுகள் பரவி மேய, அவற்றின் காலடியில் உண்ணிக்கொக்குகள் நடந்தன. சிறு குளம் ஒன்றின் கட்டினோரம், மருதமரங்களுக்கு அப்பால் நாம் தேடிச்சென்ற வீடு இருந்தது.

வீட்டுக்காரர் எழுபது வயதைத் தாண்டியவர். மெலிந்த உடல், தோளில் ஒரு துவாய், கையில் ஒரு கம்பு. அவருடைய மனைவியாரும், மகளின் மகனான பேரன் ஒருவனும் உடன் வாழ்கின்றனர். பேரன் உயர்தர வகுப்பில் விவசாய விஞ்ஞானம் படிக்கின்றான். நண்பரிடம் சிறுவயதிற் பயின்றவன். அவனைப் பெற்றவர்கள் தொழிலின் பொருட்டு வெளியூரில் இருக்கின்றனர்.

பட்டியில் மொத்தம் 34 உருப்படிகள். பசுக்கள் 13, அவற்றுட் கறப்பவை 9. நாகுகள் 6, நாம்பன்கள் 3, பொலிகாளை ஒன்று, கன்றுகள் 11. இவை பெரும்பாலும் சிறிய உடலும் கடுமையான வெயிலைத் தாங்கும் ஆற்றலும் உடைய நாட்டு மாடுகள். ஒரு பசு நாளொன்றுக்கு ஒன்று முதல் இரண்டு லீற்றர் பாலே தரும். கறப்பதும் காலையில் ஒருமுறை மாத்திரமே. ஒன்பது பசுக்களும் சேர்ந்து தந்தது அன்று 13 லீற்றர்.

எண்ணிக்கையைச் சொல்லும்பொழுது பெரியவர் சிறிது தயங்கினார். 2022ஆம் ஆண்டு டிசெம்பரில் வங்கக்கடலிற் புயல் எழுந்த வேளையில் வடக்கிலும் கிழக்கிலும் வீசிய கடுங்குளிரினால் நூற்றுக்கணக்கான மாடுகள் ஒன்றிரண்டு நாள்களுக்குள் மடிந்ததை வாசகர் மறந்திரார். வெட்டவெளியில் மழையில் நனைந்து நின்ற மாடுகள் குளிர்காற்றிற்கு ஆற்றாது விழுந்தன. இவருடைய பட்டியில் அவ்விரவு விழுந்தவை ஐந்து.

"வெயிலுக்குச் சாகும் எண்டு பயந்திருக்கிறம் தம்பி. வெள்ளத்துக்குப் பயந்திருக்கிறம். குளிருக்கு மாடு சாகும் எண்டு என்ர தகப்பனும் சொல்லித் தரல்ல" என்றார் அவர்.

விடியற்கால வேலைகள்

மறுநாள் விடியுமுன்னரே எழுப்பப்பட்டோம். மாட்டுக்காலையில் வேலை தொடங்கிவிட்டது. இரவிற் கன்றுகளைத் தாய்களிடமிருந்து பிரித்துத் தனியே அடைத்திருப்பர். காலையில் ஒவ்வொரு கன்றாக அவிழ்த்துவிடுவர். கன்று ஓடிச்சென்று நான்கு முலைகளையும் சுவைத்துப் பாலை இறங்கச் செய்ததும் அதனைத் தாயின் முன்காலருகே கட்டிவிட்டுக் கறப்பர். ஒரு காம்பைக் கன்றிற்கென விட்டுவிடுவது இவ்வீட்டு வழக்கம். கன்று முட்டாவிட்டால் நாட்டுப் பசு பால் தராது. கன்று இறந்தால் அவ்வாண்டிற்குரிய பாலும் போயிற்று என்பது இதனால் விளங்கும்.

பாலிற் பத்து லீற்றர் சேகரிப்பு நிலையத்திற்குச் சென்றது. அங்கே அளவையோடு கொழுப்பின் வீதமும் பார்த்தே விலை தருவர். வைக்கோலும் காய்ந்த புல்லும் மாத்திரம் தின்னும் நாள்களிற் பாலும் குறையும், வருவாயும் குறையும். எஞ்சிய மூன்று லீற்றரை அம்மையார் அடுப்பில் ஏற்றினார். மட்டக்களப்புத் தயிர் எனப் பெயர்பெற்றது எருமைத் தயிரேயாம். இவ்வீட்டிலும் முன்னர் எருமைகள் இருந்தன. உழவுக்கும் சூடு மிதிப்பதற்கும் இயந்திரங்கள் வந்தபின் அவை ஒவ்வொன்றாக விற்கப்பட்டன. இப்பொழுது பசும்பாலையே காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டிற்கு ஆறவிட்டு, உறையிட்டுச் சட்டிகளில் ஊற்றுகின்றார். மட்சட்டி நீரை மெல்ல உறிஞ்சிக்கொள்வதனால் தயிர் இறுகி நிற்கின்றது. சித்திரைப் புத்தாண்டிற்கு இத்தனை சட்டி வேண்டுமென எழுவான்கரையிலிருந்து முன்னரே சொல்லிவைத்திருந்தார்கள்.

அன்று பகல் முழுவதும் வேலி வேலை. மாரிமழையில் உக்கிப்போன கட்டைகளைப் பிடுங்கி, புதிய கட்டைகளை நாட்டி, முள் அலம்பலை இழுத்து அடைத்தனர். நாமும் உதவச் சென்று, உதவியைக் காட்டிலும் இடையூறே மிகுதியாகச் செய்தோம். மாலையில் அம்மையார் நம் கைகளில் தைத்திருந்த முட்களை ஊசியால் எடுத்துவிட்டார்.

இரண்டாம் நாள் கால்வாய் நோய்க்குத் தடுப்பூசி போடும் நாள். அந்நோய் கண்ட மாட்டிற்கு வாயிலும் குளம்பிடையிலும் கொப்புளங்கள் தோன்றும், எச்சில் ஒழுகும், தின்னவும் நடக்கவும் இயலாது, பால் வற்றும். இளங்கன்றுகள் திடீரென இறப்பதும் உண்டு. கால்நடைப் போதனாசிரியர் பனிக்கட்டிப் பெட்டியில் மருந்தைக் கொண்டுவந்தார். மருந்து சூடேறினாற் பயனற்றுப் போகும். ஆதலின் விரைந்து முடிக்கவேண்டும். மாடுகள் காட்டு மேய்ச்சலுக்குப் போய்விட்டால் அவற்றை ஓரிடத்திற் பிடிப்பது அரிது. ஆகவே இளவேனிலில், பட்டி ஊரில் நிற்கும்பொழுதே இது நடைபெற வேண்டும்.

ஆயின் மாடுகள் நம் அவசரத்தை அறியுமா? முதல் ஊசிக்கே மிரண்ட பொலிகாளை முந்திய நாள் நாம் அடைத்த வேலியை உடைத்துக்கொண்டு வெளியேறிற்று. இரண்டு நாகுகளும் அதன் பின்னே சென்றன. எந்த இடத்தில் வேலி உடைந்தது என்று நாம் கேட்கவில்லை, பேரனும் சொல்லவில்லை. மூன்றையும் குளத்தின் அக்கரையிலிருந்து சாய்த்துவருவதற்குள் போதனாசிரியர் அடுத்த ஊருக்குப் போய்விட்டார். எஞ்சிய மூன்றிற்கும் பின்னொருநாள் அலுவலகத்திற்குச் சென்று மருந்து கேட்கவேண்டியதாயிற்று.

பிற்பகலிற் கன்றுகளுக்கு உண்ணி பிடுங்கினர். தொப்புளிற் புண் உள்ளவற்றிற்கு வேப்பெண்ணெய் தடவினர். ஒரு வயது கடந்த இரண்டிற்குக் குறி சுட்டனர். 1958ஆம் ஆண்டின் விலங்குகள் சட்டத்தின் காலந்தொட்டுக் குறியும் உரிமைச் சீட்டும் மாட்டுக்காரரின் காவலாக இருந்துவருகின்றன. காதில் இலக்கத்தகடு பூட்டும் முறையும் வந்துவிட்டது. ஆயினும் காட்டிற்குப் போகும் மாட்டிற்குத் தோலில் உள்ள எழுத்தே உறுதியென்பது பெரியவரின் எண்ணம். தகட்டை அறுத்துவிடலாம், எழுத்தை அறுக்கமுடியாது என்றார். சுட்ட இடத்தில் மஞ்சளும் எண்ணெயும் தடவும்பொழுது அவர் கன்றின் காதருகே ஏதோ மெல்லப் பேசிக்கொண்டிருந்தார்.

ஓர் இரவு

மூன்றாம் நாள் இரவு நடந்ததை நாம் எளிதில் மறக்கமாட்டோம்.

தலையீற்று நாகு ஒன்று மாலையிலிருந்தே நிலைகொள்ளாது சுற்றி வந்தது. எட்டு மணியளவிற் பனிக்குடம் உடைந்தது. கன்று முறையாக வருமானால் இரு முன்குளம்புகளும் அவற்றின்மேல் மூக்கும் முதலிற் தோன்றும். இங்கே தோன்றியது ஒரு குளம்பு மாத்திரமே. மற்றக் கால் உள்ளே மடங்கிக் கிடந்தது. பேரன் கால்நடை வைத்தியருடன் தொலைபேசியிற் பேசினான். வைத்தியர் வேறொரு தொலைவான ஊரில் நின்றார். யானை நடமாடும் வீதியில் அவ்வேளை புறப்பட்டாலும் வந்துசேர நள்ளிரவாகும். என்ன செய்யவேண்டும், எதனைச் செய்யக்கூடாது என்பதை அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லப் பேரன் அதனை உரத்துக் கூறினான். பெரியவர் முழங்கைவரை சவர்க்காரமிட்டுக் கழுவி, தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டு மண்டியிட்டார்.

நாம் கைவிளக்கைப் பிடித்து நின்றோம். நண்பர் நாகின் தலையை அணைத்துப் பிடித்திருந்தார். மடங்கிய காலை நேராக்க அரை மணி நேரத்திற்கு மேற் சென்றது. நாகு முக்கும்பொழுது இழுப்பதும், அது ஓயும்பொழுது தாமும் ஓய்வதுமாகப் பெரியவர் பாடுபட்டார். இறுதியிற் கன்று வந்தது. செந்நிறப் பசுக்கன்று, அங்கங்கள் யாவும் நிறைவாக இருந்தன. மூக்கைத் துடைத்தார், வைக்கோலால் மார்பைத் தேய்த்தார், பின்னங்காலைப் பற்றித் தலைகீழாகத் தூக்கிப் பிடித்தார். மூச்சு வரவில்லை.

சற்றுநேரம் ஒருவரும் பேசவில்லை. பின்பு அம்மையார்தாம், "அந்தத் தாயில்லாததைக் கொண்டு வாங்க" என்றார்.

பட்டியிலே தாயற்ற கன்று ஒன்று இருந்ததை நாம் முன்னரே கண்டிருந்தோம். வீதியோரக் குப்பையில் எறியப்பட்ட பொலித்தீன் பைகளைத் தின்று, வயிறு அடைத்து, அதன் தாய் இரண்டு கிழமைக்கு முன் இறந்துபோயிற்று. அம்மையார் போத்தலிற் பாலூட்டி அதனைக் காத்துவந்தார். பேரன் அக்கன்றைத் தூக்கிவந்ததும், இறந்த கன்றின்மேலிருந்த பனிக்குட நீரை வழித்து அதன் முதுகிலும் வாலடியிலும் நன்றாகப் பூசினர். மேலே சிறிது உப்பைத் தூவினர். இறந்த கன்றை இருளில் அப்பால் எடுத்துச் சென்றபின் இதனை நாகின் முகத்தருகே விட்டனர்.

நாகு முகர்ந்தது, தலையைத் திருப்பிக்கொண்டது. மீண்டும் முகர்ந்தது. பின்பு நாவை நீட்டி ஒருமுறை நக்கிற்று. உப்பின் சுவை அறிந்தோ, தன் மணத்தை அறிந்தோ, நக்குவதை அது நிறுத்தவில்லை. ஆயினும் கன்று மடியை நாடியதும் எட்டி உதைத்தது. கடும்புப்பாலைக் கறந்து போத்தலில் ஊட்டவேண்டியதாயிற்று. "விடியட்டும், பாப்பம்" என்று சொல்லிவிட்டுப் பெரியவர் கைகழுவப் போனார். இளங்கொடி விழுந்ததும் அதனைச் சாக்கிற் கட்டி ஆலமரத்திலே தொங்கவிட்டு வந்தான் பேரன். கன்று இறந்தாலும் அம்முறையை அவர்கள் விடவில்லை.

இரண்டு நிலங்களுக்கு இடையே

அவ்விரவு நித்திரை வரவில்லை. திண்ணையில் அமர்ந்திருந்தபோதுதான் பெரியவர் தம் உள்ளத்திலிருந்த பெருங்கவலையை எடுத்துரைத்தார். அது கன்றைப் பற்றியதன்று.

சிறுபோகத்திற்கான ஆரம்பக் கூட்டம் நடந்து முடிந்துவிட்டது. குளத்துநீர் திறக்கும் நாளும், விதைப்பு முடிக்கும் நாளும், வட்டையிலிருந்து மாடுகளை அகற்றவேண்டிய நாளும் அங்கே தீர்மானிக்கப்பட்டன. அந்நாளுக்கு இன்னும் பன்னிரண்டு நாள்களே இருந்தன. அதன்பின் வயலில் இறங்கும் மாடு பிடிக்கப்படும். பயிரழிவுக்குத் தண்டம் கட்டவேண்டும். இதில் வயற்காரரைக் குறைகூற இடமில்லை. கடன்பட்டு விதைத்த நெல்லை ஒரு பட்டி ஓரிரவில் தின்று முடித்துவிடும். பெரியவரும் ஒரு காலத்தில் இரண்டு ஏக்கர் குத்தகைக்குச் செய்தவர். அந்த வலி அவருக்குத் தெரியும்.

முற்காலத்தில் வயலுக்கும் மாட்டிற்கும் இவ்வளவு பகை இருந்ததில்லை என்றார். அறுவடை முடிந்ததும் தம் வயலிற் பட்டியை அடைக்கும்படி போடிமாரே கேட்டு வருவர். இரவெல்லாம் விழும் சாணமும் சலமும் அடுத்த போகத்திற்குப் பசளையாகும். சூடு மிதிக்க எருமை வேண்டும். உழவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் உரப்பையும் வந்தபின் அந்த உறவு அறுந்துபோயிற்று. 2021ஆம் ஆண்டில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்ட சில மாதங்களில் மாத்திரம் மீண்டும் சாணத்தைத் தேடி உழவு இயந்திரப் பெட்டிகள் அவர் வாசலுக்கு வந்தன. தடை நீங்கியதும் அவை வரவில்லை.

வயலை விட்டால் காடுதான் கதி. மேற்கே ஏறத்தாழ 25 கிலோமீற்றர் தொலைவிலுள்ள காட்டோர மேய்ச்சலுக்குப் பட்டியைச் சாய்த்துச் செல்லவேண்டும். வழியில் இரண்டு இரவுகள் தங்கவேண்டும். அங்கே ஒரு வாடி அமைத்து, மாரிமழை தொடங்கும்வரை ஒருவர் மாறி ஒருவராகக் காவலிருப்பர். வைகாசிக்குமேற் கச்சான் காற்று வீசத் தொடங்கும்; நீர்நிலைகள் வற்றும்; யானைகளும் மாடுகளும் ஒரே மடுவை நாடும். அதுவுமன்றி ஆண்டுதோறும் அம்மேய்ச்சல் நிலத்தில் ஒரு பகுதி வேலிக்குள்ளும் பயிருக்குள்ளும் போய்க்கொண்டிருக்கின்றது. மேய்ச்சல்தரை என்பது இம்மாவட்டத்தில் எளிய சொல் அன்று. மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் நிலங்களில் வெளியார் குடியேறிப் பயிரிடுவதாகவும், தம் மாடுகள் கொல்லப்படுவதாகவும் முறையிட்டு, 2023ஆம் ஆண்டு செப்டெம்பரிற் பண்ணையாளர்கள் சித்தாண்டியில் வீதியோரத்தில் அமர்ந்ததை நாம் பத்திரிகைகளிற் படித்தோம். பெரியவரின் பட்டி போகும் காடு வேறு, அச்சம் ஒன்றே.

"மாடு வச்சிருக்கிறவனுக்கு வயலும் சொந்தமில்ல, காடும் சொந்தமில்ல தம்பி. வயல் எங்கள வெளியால போ எண்டுறதுக்கும், காடு உள்ளுக்க வா எண்டுறதுக்கும் இடையில கிடக்கிற நாள்தான் எங்கட பங்குனியும் சித்திரையும்" என்றார்.

நாம் நாட்டின் நிலையை எண்ணிப் பார்த்தோம். நம் பாற்தேவையிற் பெரும்பகுதியை இறக்குமதிப் பால்மாவினாலேயே நிறைவேற்றி வருகின்றோம். 2021, 2022ஆம் ஆண்டுகளில் ஒரு பெட்டி பால்மாவிற்காக நகரங்களில் மக்கள் வரிசையில் நின்றனர். அதே நாட்டிலே கறக்கும் பசுவை வைத்துக்கொண்டு, அதனை எங்கே மேயவிடுவது என்று முதியவர் ஒருவர் நித்திரையின்றி இருக்கின்றார்.

பேரனின் யோசனை

பேரனும் உறங்கவில்லை. கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தவன் மெல்லப் பேசத் தொடங்கினான்.

"அம்மப்பா, கோ-3 புல்லு நட்டா என்ன? வீட்டுக்குப் பின்னால அரை ஏக்கர் சும்மா கிடக்குது. கிணறும் இருக்கு."

கோ-3 என்பது கம்பையும் நேப்பியர்ப் புல்லையும் கலந்து கோயம்புத்தூரில் உருவாக்கப்பட்ட புல்வகை. இலங்கையிலும் பரவலாக நடப்படுகின்றது. தண்டை வெட்டி நட்டால் வளரும். நீரும் பசளையும் இட்டால் மீண்டும் மீண்டும் அறுக்கலாம். இதனை அவன் பாடத்திலும் படித்திருந்தான். அயலூர்ப் பண்ணையொன்றிலும் கண்டிருந்தான்.

"அரை ஏக்கர் புல்லு முப்பத்திநாலு மாட்டுக்குக் காணுமா, மனே?" என்று பெரியவர் கேட்டார்.

"முப்பத்திநாலுக்குக் காணாது. அஞ்சாறு நல்ல மாட்டுக்குக் காணும். கொட்டிலுக்க கட்டி வளக்கலாம். இப்ப ஒன்பது மாடு தாற பாலை மூண்டு மாடு தரும்."

"மற்ற மாடு?"

பேரன் விடை கூறவில்லை. விற்பது என்ற சொல்லை அவ்விரவில், அந்தக் கன்று இறந்த பின், சொல்ல அவனுக்கு மனம் வரவில்லைபோலும்.

இருவர் கூற்றிலும் உண்மை இருந்தது. கலப்பின மாடு கூடுதலாகக் கறக்கும். ஆனால் அதற்குத் தீனியும் நிழலும் மருந்தும் நாள்தோறும் தவறாது வேண்டும். ஒன்று நோயுற்றால் வீட்டு வருவாயில் மூன்றிலொரு பங்கு படுத்துவிடும். நாட்டு மாடு குறைவாகவே கறக்கும். ஆனால் கைப்பணம் இல்லாத காலத்திலும் காட்டில் மேய்ந்து பிழைத்திருக்கும். திருமணத்திற்கும் மருத்துவத்திற்கும் ஒவ்வொன்றாக விற்றுச் சமாளிக்கலாம். வங்கியிற் பணமில்லாதவருக்குப் பட்டியே வைப்புப்பணம். மறுபுறம், மேய்ச்சல் நிலம் சுருங்குவதும், காட்டிற் காவலிருக்க இளைஞர் கிடையாமையும், பெரியவரின் முழங்கால் வலியும் கண்ணுக்குத் தெரிந்த உண்மைகள். அம்மையார் ஒரு பக்கமும் பேசாது, "அவன் படிச்சு முடிக்கட்டும்" என்று மாத்திரம் கூறி விளக்கை அணைத்தார்.

விடைபெற்ற காலை

நான்காம் நாள் விடியலில் நாம் முதலில் ஓடிச்சென்று பார்த்தது அந்த நாகைத்தான். கன்று அதன் அருகே படுத்திருந்தது. அம்மையார் கையில் ஒரு பிடி தவிட்டை வைத்து நாகைத் தின்னவிட்டு, மறுகையாற் கன்றை மடிக்குத் தள்ளினார். ஒருமுறை உதைத்தது. இரண்டாம் முறை காலைத் தூக்கிற்று, ஆனால் உதைக்கவில்லை. மூன்றாம் முறை கன்று முட்டிக் குடிக்கத் தொடங்கியதும் அதன் வால் ஆடியதைக் கண்டோம். பெரியவர் தூரத்தில் நின்றே பார்த்தார். அருகே வந்தால் அது மிரளுமென்று சொன்னாராயினும் அவர் முகத்தைத் துவாயால் துடைத்துக்கொண்டதை நாம் கண்டோம்.

புறப்படும் வேளையில் வீட்டின் பின்புறத்திற் சத்தம் கேட்டது. அந்த அரை ஏக்கரில் ஒரு மூலையைப் பெரியவர் மண்வெட்டியாற் கொத்திக்கொண்டிருந்தார். கால் ஏக்கரும் வராது. "முதல்ல வேலி அடைக்கோணும். இல்லாட்டி எங்கட மாடே வந்து திண்டுபோடும்" என்று பேரனிடம் சொன்னார். பேரன் சிரித்துக்கொண்டே அலம்பல் வெட்டப் போனான். அம்மையார் ஒரு சட்டித் தயிரை வாழையிலையால் மூடிக் கட்டித் தந்தார். பாலத்தைக் கடக்கும்வரை அது சிந்தாதபடி மடியில் வைத்துக்கொண்டு வந்தோம்.

சித்திரைப் புத்தாண்டு கழிந்து ஒரு கிழமையின் பின் பேரன் தொலைபேசியிற் பேசினான். குறித்த நாளுக்கு முதல்நாளே பட்டி வட்டையை விட்டு நீங்கிற்றாம். ஆறு மாடுகள் விற்கப்பட்டன. 23 காட்டு மேய்ச்சலுக்குச் சென்றன. வழியில் மழை பெய்து ஓடை பெருகியதால் ஓரிரவு கூடுதலாகத் தங்கவேண்டி வந்ததாம். வீட்டில் ஐந்து நிற்கின்றன: நடக்கமுடியாத கிழப்பசு ஒன்று, கறவைப்பசு ஒன்றும் அதன் கன்றும், மற்றது நாம் அறிந்த நாகும் அதன் வளர்ப்புக் கன்றும். புல் முளைவிட்டிருக்கின்றதா என்று கேட்டோம்.

"முளைச்சிட்டுது சேர். அம்மப்பா காட்டிலயிருந்து ஒவ்வொரு நாளும் போன் எடுத்து அதைத்தான் கேக்கிறார்" என்றான்.